பல்கலைக்கழகம் வந்துவிட்டது, எங்கள் பிள்ளைகள் எப்போது போவார்கள்?



பதிவு கொஞ்சம் நீளம். ஆனால் ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டு, கற்சிலைமடு, நெடுங்கேணி பக்கத்தில் படிக்கிற பிள்ளை இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் இதில் பங்கு இருக்கிறது. அதனால் பாதியில் விடாமல் கடைசி வரை வாசியுங்கள்.

ஒவ்வொரு வருடமும் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி வெளியாகும் நாட்களில் நம் பக்கத்தில் இரண்டு பேச்சுகள் கேட்கும். சந்தியில் கேட்கும், தேநீர்க்கடையில் கேட்கும், பாடசாலை வாசலிலும் கேட்கும்.

ஒன்று: "வவுனியாவுக்கு யூனிவர்சிட்டி வந்து எங்களுக்கு என்ன பிரயோசனம்? அங்க படிக்கிறது முழுக்க வெளியாக்கள்தானே."

மற்றது: "கம்பஸ யூனிவர்சிட்டியா ஆக்கித் தந்தாச்சு. இனி என்ன வேணும்?"

முதலாவது விரக்தியில் பேசுவது. இரண்டாவது மேடையில் பேசுவது. இரண்டும் பிழை. இரண்டும் சேர்ந்து அடிப்பது நம் பிள்ளைகளைத்தான். இங்கே படிப்பிக்கிற நாங்கள் சிலர் பல நாட்களாகப் பேசிக்கொண்டிருந்த விடயம் இது. பேசிப் பேசி அலுத்துப்போய்த்தான் எழுத உட்கார்ந்தோம்.

மேடைப் பேச்சில் இருந்தே தொடங்குவோம். யார், எதை, எப்போது தந்தார்கள்?

1980களின் கடைசியில் தெற்கில் இளைஞர் கிளர்ச்சி நடந்து முடிந்தது. உயர்தரம் சித்தியடைந்தும் பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகளுக்கு ஏதாவது வழி வேண்டும் என்ற பேச்சு அதற்குப் பிறகு பலமாக எழுந்தது. அந்தக் காலத்தில்தான் மாகாணங்களில் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரிகள் வந்தன. டிப்ளோமா அளவிலான படிப்பு. வட மாகாணத்துக்கு உரிய கல்லூரி 1991இல் தொடங்கியது. இன்று பம்பைமடுவில் நிற்கும் வவுனியாப் பல்கலைக்கழகத்தின் வேர் அந்தக் கல்லூரிதான்.

அதே திட்டத்தில் பிறந்த மற்றப் பிள்ளைகள் என்ன ஆனார்கள்? சப்ரகமுவவில் இருந்த கல்லூரியில் இருந்து சப்ரகமுவப் பல்கலைக்கழகம் வந்தது. வடமத்திய மாகாணத்தை மையமாக வைத்து, வேறு மாகாணக் கல்லூரிகளையும் சேர்த்து ரஜரட்டப் பல்கலைக்கழகம் வந்தது. இரண்டும் 1996இன் தொடக்கத்திலேயே இயங்கத் தொடங்கிவிட்டன. குளியாப்பிட்டியில் வயம்பப் பல்கலைக்கழகம் 1999இல் தனியாக எழுந்தது.

வட மாகாணக் கல்லூரிக்கு 1997 ஏப்ரல் 1இல் ஒரு பதவி உயர்வு கிடைத்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் என்று பெயர். பிறகு 24 வருடங்கள் அதே பெயர். 2021 ஓகஸ்ட் 1இல்தான் அது தனிப் பல்கலைக்கழகமானது. 2022 பெப்ரவரியில் ஜனாதிபதி வந்து விழா நடத்தித் திறந்துவைத்தார். நாட்டின் 17ஆவது தேசியப் பல்கலைக்கழகம் என்று எல்லாப் பத்திரிகையிலும் வந்தது.

கூடப் பிறந்தவர்களில் இருவர் 1996இல் தனி வீடு கட்டிப் போய்விட்டார்கள். ஒருவர் 1999இல் போனார். நம் பிள்ளை 2021 வரை பெரிய வீட்டின் பின்கட்டில் இருந்தது. இதற்குப் பெயர் பரிசா? கொடுக்க வேண்டிய காணியை 24 வருடம் வைத்திருந்துவிட்டு உறுதியைக் கையில் தரும்போது மாலை போடச் சொல்வது போன்றது இது.

"போர் நடந்ததே, அந்த நேரத்தில் எப்படி?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. போர் எப்படி நடந்தது என்று ஒட்டுசுட்டானுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

வளாகம் தொடங்கியது 1997 ஏப்ரல் 1. மே 13இல் வவுனியாவுக்கு வடக்கே ஜெயசிக்குறு படை நடவடிக்கை தொடங்கியது. ஆறு கிழமைதான் இடைவெளி. ஓமந்தை, நெடுங்கேணி, புளியங்குளம் என்று ஏ-9 வீதியும் அதன் கிழக்குப் பக்கமும் போர்க்களமாயின. 1998 டிசம்பரில் ஒட்டுசுட்டான் படையினரின் கைக்குப் போனது. 1999 நவம்பர் தொடக்கத்தில் ஓயாத அலைகள் மூன்று தொடங்கியபோது முதலில் கைமாறியதும் ஒட்டுசுட்டான்தான். 2009 ஜனவரியில் மறுபடியும் கைமாறியது. ஒரு வளாகம் தன் முதல் இரண்டரை வருடத்தில் கட்டடம் தேடிக்கொண்டும் விரிவுரையாளர் தேடிக்கொண்டும் இருந்தது. அதே இரண்டரை வருடத்தில் நாம் பதுங்குகுழி வெட்டிக்கொண்டும் தறப்பாள் தேடிக்கொண்டும் இருந்தோம். அந்தக் காலத்தில் இங்கிருந்து வவுனியாவுக்குப் படிக்கப் போவதென்றால் பாஸ் வேண்டும், சோதனைச் சாவடி தாண்ட வேண்டும், தாண்டினாலும் சந்தேகப் பார்வை.

முல்லைத்தீவு முஸ்லிம்களின் கணக்கு அதற்கும் முன்பே தொடங்கியது. கல்லூரி தொடங்கியது 1991. அதற்கு முந்தைய வருடம், 1990 ஒக்டோபரில், விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம், முல்லைத்தீவு நகரம் எல்லாம் வெறிச்சோடின. அந்த வீடுகளின் பிள்ளைகள் புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் இருந்து பரீட்சை எழுதினார்கள். வன்னிக்கு ஒரு உயர்கல்வி நிறுவனம் வந்தபோது வன்னியின் ஒரு பகுதி மக்கள் வன்னியிலேயே இல்லை.

2009 வந்தது. பம்பைமடு என்ற பெயரை அந்த வருடம் நம் வீடுகளில் எப்படிக் கேட்டோம் என்று நினைத்துப் பாருங்கள். பல்கலைக்கழகம் இருக்கும் இடம் என்றா கேட்டோம்? சரணடைந்த, பிடிபட்ட பெண்பிள்ளைகளை வைத்திருந்த புனர்வாழ்வு முகாமின் பெயராகத்தான் கேட்டோம். மெனிக் பாம் முகாமும் அதே மன்னார் வீதிப் பக்கம்தான். இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் கம்பிவேலிக்குள் இருந்த இடம். 2012 செப்டெம்பரில்தான் அது முழுமையாக மூடப்பட்டது. மகளைத் தேடி பம்பைமடுவுக்குப் போன தாய்மார் இன்றும் நம் ஊரில் இருக்கிறார்கள். அதே பம்பைமடுவுக்குத் தன் பேத்தி பெட்டியோடு பஸ் ஏறிப் படிக்கப் போனால் அந்தத் தாய்க்கு அது என்ன பெறுமதி என்று மேடையில் பேசுகிறவர்களுக்குத் தெரியாது.

ஆக, போர் ஒரு காரணம்தான். மறுக்கவில்லை. ஆனால் போர் முடிந்தது 2009 மே மாதம். பல்கலைக்கழகம் ஆனது 2021 ஓகஸ்ட். நடுவில் இருக்கும் 12 வருடத்துக்கு எந்தக் குண்டு விழுந்தது?

இடையில் ஒரு உதாரணம். ஒலுவிலைப் பாருங்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்க முடியாமல் போன தென்கிழக்குப் பிள்ளைகளுக்காக 1995 ஒக்டோபரில் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது. அடுத்த வருடம் மே மாதமே முழுப் பல்கலைக்கழகம். மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அமைச்சராக இருந்து உழைத்தது ஒரு காரணம். அது மட்டும் காரணமில்லை. அந்தப் பிரதேசத்து மக்கள் அதை "எங்கட கம்பஸ்" என்று தூக்கிப் பிடித்தார்கள். அடுத்த பீடம் எது, அது எங்கே வரவேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார்கள், சண்டையும் பிடித்தார்கள். கலை, முகாமைத்துவம் என்று தொடங்கி, சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞானம், பிறகு இஸ்லாமியக் கற்கை மற்றும் அரபு மொழி, பொறியியல், தொழில்நுட்பம் என்று வளர்ந்தது. ஒரு மாகாணப் பல்கலைக்கழகம் வளர்வது அப்படித்தான். வர்த்தமானி அதற்குப் பெயர் வைக்கும். வளர்ப்பது சுற்றியிருக்கிற ஊர்களின் நச்சரிப்பு.

நம் பக்கத்தில் நச்சரிப்பு எங்கே? ஒரு பிள்ளைக்கு வவுனியா கிடைத்தால், "அட, வவுனியாவா கிடைச்சது? யாழ்ப்பாணம் கிடைக்கேல்லையா?" என்று துக்கம் விசாரிக்கிறார்கள். சொந்த மாகாணத்தின் பல்கலைக்கழகத்தை இரண்டாம் தரம் என்று நினைக்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது? 24 வருடம் அதைக் கிளையாக வைத்திருந்ததில் இருந்து வந்தது. கிளை என்று நினைத்த மனம் பெயர்ப்பலகை மாறியதோடு மாறிவிடாது.

இனி முதலாவது பேச்சு. "அங்க படிக்கிறது முழுக்க வெளியாக்கள்."

முழுக்க என்பது பொய். ஆனால் தென்னிலங்கை மாணவர்கள் அங்கே கணிசமாகப் படிக்கிறார்கள் என்பது உண்மை. அதில் என்ன பிழை? குருநாகலில் இருந்தோ மாத்தறையில் இருந்தோ ஒரு பிள்ளை அம்மா அப்பாவை விட்டுவிட்டு, மொழி தெரியாத ஊருக்கு வந்து விடுதியில் தங்கிப் படிக்கிறது. அந்தப் பிள்ளை நம்மிடம் எதையும் பறிக்கவில்லை. பறித்தது என்று சொல்கிறவர்களுக்கு அனுமதி எப்படி நடக்கிறது என்றே தெரியாது. ஆகவே அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்.

பல்கலைக்கழக அனுமதி வவுனியாவில் தீர்மானமாவதில்லை. கொழும்பில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு இசட் புள்ளியை வைத்து நாடு முழுவதற்கும் தெரிவு செய்கிறது. பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில். 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கு ஏற்ப. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட மாவட்டங்களுக்கு மேலதிகமாக. முல்லைத்தீவு அந்தப் பட்டியலில் இருக்கிறது. அதாவது சட்டம் நமக்காக ஒரு கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. நம் மாவட்டப் பிள்ளை நம் மாவட்டப் பிள்ளையோடு போட்டியிட்டாலே ஒரு இடம் பிடிக்கலாம்.

அப்படியென்றால் ஏன் போகிற பிள்ளைகள் இவ்வளவு குறைவு?

வவுனியாப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது மூன்று பீடங்கள்: பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள். இந்த மூன்றுக்கும் உள்ளே போக உயர்தரத்தில் என்ன படித்திருக்க வேண்டும்? பெரும்பாலும் கணிதம், உயிரியல், வர்த்தகம், தொழில்நுட்பம். இப்போது நம் பக்கத்துப் பாடசாலைகளை எண்ணிப் பாருங்கள். உயர்தரத்தில் கணிதமும் விஞ்ஞானமும் இருக்கிற 1 ஏபி பாடசாலை எத்தனை? கலையும் வர்த்தகமும் மட்டும் இருக்கிற 1 சி எத்தனை? சாதாரண தரத்தோடு நின்றுவிடுகிற பாடசாலை எத்தனை? 1 ஏபி என்று பலகை இருந்தாலும் பௌதிகவியலுக்கு ஆசிரியர் இருக்கிறாரா, இரசாயனவியலுக்கு ஆய்வுகூடம் இயங்குகிறதா?

பதில் உங்களுக்கே தெரியும். நம் பிள்ளைகளில் பெரும்பகுதி கலைப் பிரிவில் உட்காருகிறது. கலை பிடித்துப் போய் உட்கார்ந்த பிள்ளைகள் கொஞ்சம். வேறு வகுப்பு இல்லாததால் உட்கார்ந்த பிள்ளைகள் நிறைய. வசதியான வீட்டுப் பிள்ளை சாதாரண தரம் முடிந்ததும் யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ போய் போடிங்கில் நின்று ரியூசனுக்குப் போகிறது. கூலி வேலை செய்கிறவரின் பிள்ளை, கணிதத்தில் ஏ எடுத்த பிள்ளை, இங்கேயே நின்று புவியியலும் அரசியல் விஞ்ஞானமும் எடுக்கிறது. பிறகு நம்மில் சிலர் கேட்கிறார்கள், பம்பைமடுவில் ஏன் நம் பிள்ளைகள் இல்லை என்று.

அந்தப் பிள்ளையின் இடத்தை மாத்தறைப் பிள்ளை எடுக்கவில்லை. அந்த இடத்துக்கு விண்ணப்பிக்கிற தகுதியே அந்தப் பிள்ளைக்கு 16 வயதில் இல்லாமல் போய்விட்டது. கதவு பம்பைமடுவில் அடைபடவில்லை. நம் ஊரில், பத்தாம் பதினோராம் வகுப்புக் கணித பாடத்தில் அடைபடுகிறது.

ஆசிரியர் பற்றாக்குறை என்று சொன்னவுடன் "ரீச்சர்மார் வாறதில்லை, வந்தாலும் நிக்கிறதில்லை" என்று எங்களைப் போன்றவர்களைத் திட்டுவார்கள். திட்டுங்கள், ஆனால் காரணத்தையும் பாருங்கள். கஷ்டப் பிரதேசம் என்று வகைப்படுத்தி, கட்டாய சேவைக்காலம் ஒன்றை வைத்து வெளிமாவட்ட ஆசிரியர்களை இங்கே அனுப்புகிறார்கள். காலம் முடிந்த அடுத்த நாளே இடமாற்ற விண்ணப்பம் போகிறது. விடியற்காலை பஸ் ஏறி வந்து இரண்டு மணி பஸ்ஸில் திரும்புகிற ஒருவரிடம் பின்னேர வகுப்பு எப்படி எதிர்பார்ப்பது? இதற்கு நிலையான மருந்து ஒன்றுதான். இந்த மண்ணின் பிள்ளை பட்டதாரியாகி இந்த மண்ணிலேயே படிப்பிக்க வேண்டும். அந்தப் பட்டதாரியை உருவாக்கப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகம் வேண்டும். அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போக இங்கே ஒரு ஆசிரியர் வேண்டும். சுற்றிச் சுற்றி வரும் இந்த வட்டத்தை யாராவது ஒரு இடத்தில் வெட்ட வேண்டும். அதற்குத்தான் பல்கலைக்கழகம் நமக்குத் தேவை. பெருமைக்கு இல்லை.

இந்த இடத்தில் பல்கலைக்கழகத்திடமும் ஒரு கேள்வி கேட்கிறோம். மரியாதையோடுதான் கேட்கிறோம். தங்கராசா வீட்டுத் திண்ணையில் பேசுவது போல இல்லை, ஒரு நிறுவனத்திடம் அதன் மக்கள் கேட்பது போல.

வன்னியில் பெரும்பான்மையான பிள்ளைகள் கலைப் பிரிவில் படிக்கும்போது வன்னியின் பல்கலைக்கழகம் கலைப் பீடம் இல்லாமல் ஏன் பிறந்தது? விவசாயபீடமும் பொறியியல்பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்கு இருக்கின்றன. அதையே இங்கே இன்னொரு தடவை கட்டச் சொல்லவில்லை. ஆனால் சமூக விஞ்ஞானங்கள், மொழிகள், வரலாறு, கல்வியியல் ஆகியவற்றுக்கு இங்கே ஒரு பீடம் வேண்டும். "கலைப் பட்டதாரிகளுக்கு வேலை இல்லை, இன்னும் ஏன்?" என்று சிலர் சொல்வார்கள். வேலையில்லாப் பட்டதாரிகள் போராட்டத்தை நாங்களும் பார்த்தவர்கள்தான். அதற்குப் பதில், பழைய பாணியில் குறிப்பு எழுதிப் பாடமாக்குகிற கலைப் பீடத்தைக் கட்டாமல், ஆங்கிலமும் கணினியும் ஆசிரியப் பயிற்சியும் சேர்ந்த ஒன்றைக் கட்டுவதுதான். ஏழைப் பிள்ளைகளின் பாடப்பிரிவுக்குக் கதவைச் சாத்துவது பதில் ஆகாது.

இங்கே படிப்பதற்கு விடயமா இல்லை? கற்சிலைமடுவில் பண்டாரவன்னியன் தோற்கடிக்கப்பட்டதாக 1803 என்று வருடம் போட்டு நட்ட கல்லைப் பற்றி நம் பிள்ளைகள் பேச்சுப்போட்டியில் பேசுகிறார்கள். வன்னிமைகளின் வரலாற்றை ஆவணங்களோடு ஆராய ஒரு துறை வன்னியில் இல்லை. 1990இன் வெளியேற்றம், முகாம் வாழ்க்கை, மீள்குடியேற்றம், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் பற்றியெல்லாம் ஆராய்ச்சி செய்ய வெளிநாட்டில் இருந்து வருகிறார்கள். கேள்விக்கொத்தை நிரப்பிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் எழுதியதை நாம் வாசிப்பதே இல்லை. தமிழரும் முஸ்லிம்களும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் வைத்திருக்கும் கதைகளை ஒரே வகுப்பறையில் உட்கார்ந்து, ஆதாரத்தோடு, கத்தாமல் பேசுகிற இடம் ஒரு பல்கலைக்கழகமாகத்தான் இருக்க முடியும். அரசியல் மேடையில் அது நடக்காது.

விஞ்ஞானப் பக்கமும் அப்படித்தான். முத்தையன்கட்டுக் குளத்து நீர் எத்தனை ஏக்கருக்கு எப்படிப் போகிறது, யானை எந்தப் பாதையால் தோட்டத்துக்குள் வருகிறது, போர்க்காலத்தில் மூடப்பட்ட ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலையின் களிமண் எப்படிப்பட்டது, நந்திக்கடலில் இறால் ஏன் குறைகிறது, வவுனியாப் பக்கத்துக் கிணற்று நீருக்கும் சிறுநீரக நோய்க்கும் என்ன தொடர்பு? ஒவ்வொன்றும் ஒரு பட்டதாரி மாணவரின் ஆய்வுக்குப் போதுமான கேள்வி. சூழலியலும் கணினியும் முகாமைத்துவமும் படிப்பிக்கிற பல்கலைக்கழகம் இந்தக் கேள்விகளைத் தேடி ஒட்டுசுட்டானுக்கு வரட்டும். அவர்கள் வந்தால் வயலைக் காட்ட நாம் தயார்.

பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தூர இடத்துக்கு அனுப்பப் பயந்து, கிடைத்த அனுமதியை விட்டுவிட்ட வீடுகள் தமிழரிலும் உண்டு, முஸ்லிம்களிலும் உண்டு. கொழும்பு, பேராதனை, றுகுணு என்றால் தகப்பன் தயங்குவார். பம்பைமடு அப்படி இல்லை. இங்கிருந்து நெடுங்கேணி, புளியங்குளம் வழியாகவோ மாங்குளம் வழியாகவோ வவுனியா போய், அங்கே மன்னார் வீதி பஸ் மாறினால் சரி. கிழமை முடிவில் பிள்ளை வீட்டுக்கு வரலாம். அதற்கு இரண்டு விடயம் வேண்டும்: முதல் வருடத்தில் இருந்து கடைசி வருடம் வரை பெண்பிள்ளைகளுக்கு விடுதி, நேரத்துக்கு ஓடுகிற பஸ். இந்த இரண்டையும் கேட்டு நம் பிரதேசத்தில் இருந்து யாராவது ஒரு கடிதம் எழுதியிருக்கிறார்களா? விளையாட்டு மைதானத்துக்கு மின்விளக்கு கேட்டு எழுதுகிறோம். அதுவும் வேண்டியதுதான். இதையும் எழுதுவோம்.

"அது வவுனியா மாவட்டத்துப் பல்கலைக்கழகம், முல்லைத்தீவு ஆக்கள் நாங்கள் ஏன் அலட்டிக்கொள்ள வேணும்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்ன ஞாபகப்படுத்தல். முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978இல். அதுவரை நம் பக்கமும் வவுனியா மாவட்டம்தான். மாவட்ட எல்லை கச்சேரி வேலைக்குப் போட்ட கோடு. குளமும் காடும் பஞ்சமும் இடப்பெயர்வும் அந்தக் கோட்டைப் பார்த்து நிற்கவில்லை. படிப்பு மட்டும் ஏன் நிற்க வேண்டும்?

இவ்வளவும் சொல்லிவிட்டு என்ன செய்வது என்று சொல்லாமல் போனால் இதுவும் ஒரு மேடைப் பேச்சாகிவிடும். ஆகவே மூன்று விடயங்கள்.

முதலாவது, கேட்க வேண்டிய இடத்தில் கேட்போம். தேர்தல் வந்தால் நம் வாசலுக்கு வருகிறவர்களிடம் "பல்கலைக்கழகம் தந்தோம்" என்ற கதையை நிறுத்தச் சொல்வோம். கலை, கல்வியியல் பீடம் எப்போது, விடுதிக்குப் பணம் எப்போது, ஒட்டுசுட்டான் பக்கத்தில் முழுமையாக இயங்குகிற உயர்தரக் கணித விஞ்ஞானப் பிரிவு எப்போது என்று திகதி கேட்போம். திகதி சொல்ல முடியாதவருக்கு மாலை வேண்டாம்.

இரண்டாவது, பல்கலைக்கழகத்தை ஊருக்குள் அழைப்போம். அங்கே கணிதமும் கணினியும் ஆங்கிலமும் படிக்கிற பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் நம் பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்க அவர்களில் பத்துப் பேர் வந்தாலே பெரிய மாற்றம். போக்குவரத்தும் மத்தியானச் சாப்பாடும் ஊர் பொறுப்பேற்கலாம். கோயில் நிர்வாகமும் பள்ளிவாசல் நிர்வாகமும் தேவாலயமும் விளையாட்டுக் கழகமும் ஒரு மாதத்துக்கு ஒருவராகப் பொறுப்பெடுத்தால் யாருக்கும் பாரமில்லை. பட்டப்படிப்பு அங்கே ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. அதனால் ஆங்கில வகுப்பை முதலில் தொடங்க வேண்டும். இங்கிருந்து போன பிள்ளைகள் அங்கே முதல் வருடத்தில் தடுமாறுவது பெரும்பாலும் பாடத்தில் இல்லை, மொழியில்.

மூன்றாவது வீட்டுக்குள் செய்ய வேண்டியது. வவுனியா கிடைத்த பிள்ளைக்குத் துக்கம் விசாரிக்காதீர்கள். கணிதத்தில் திறமையான பிள்ளையை "கலையே போதும், சுகமாகப் பாஸ் பண்ணலாம்" என்று திருப்பாதீர்கள். ஒரு வருட ரியூசன் காசுக்குப் பயந்து பிள்ளையின் நாற்பது வருடத்தை மாற்றிவிட வேண்டாம். காசு இல்லை என்றால் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருக்கிற நம் உறவுகள் கோயில் கோபுரத்துக்கும் மினாராவுக்கும் அனுப்புகிற பணத்தில் ஒரு பங்கை இதற்குக் கேட்க எங்களுக்கு வெட்கமில்லை.

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்குப் பெற்றோர் வருவது குறைவு. வந்தாலும் மலசலகூடம், வேலி, விளையாட்டுப் போட்டி என்று பேச்சு முடிந்துவிடும். அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள். எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த வருடம் சாதாரண தரத்தில் கணிதம் நன்றாகச் செய்யக்கூடிய பிள்ளைகள் இத்தனை பேர். இவர்கள் அடுத்த வருடம் உயர்தரக் கணிதமோ விஞ்ஞானமோ எங்கே படிக்கப் போகிறார்கள்?"

அதிபரிடம் பதில் இல்லாவிட்டால் கோட்டக் கல்வி அலுவலகத்தில் கேட்போம். அங்கும் இல்லாவிட்டால் வலயத்தில் கேட்போம். சேர்ந்து போவோம், நாங்களும் வருகிறோம், இன்ஷா அல்லாஹ். இந்த ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்கும் வரை, பம்பைமடுவில் எத்தனை மாடி எழும்பினாலும் நாம் கைதட்டத் தேவையில்லை.

வாசித்தவர்கள் உங்கள் ஊர்க் குழுக்களில் பகிருங்கள். வருகிற கூட்டத்தில் சந்திப்போம்.